கன்றின் கன்னத்தில் ஒரு பொட்டு

டொக்டர் குட்டியைப் பார்க்க வந்ததாகக் கேள்விப்பட்டதும் புனிதவதி சாணி வண்டியை நடுவழியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கொட்டிலின் பின்கதவில் ஜோர்ஜ் தழைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன புனிதாக்கா, தாய் மிருகம் கலைச்சுக்கொண்டு வருதோ?”

“டொக்டர் எங்க?”

“மயக்க ஊசி எடுக்கப் போயிருக்கிறா. குட்டியின்ர கன்னத்தில ஏதோ கறுப்பாம். தோல் வருத்தமோ எண்டு சுரண்டிப் பாக்கப் போகினமாம்.”



“அது வருத்தமில்லையடா. நான் வைச்ச பொட்டு.”

ஜோர்ஜ் கட்டைக் கீழே போட்டான். “கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கறுப்புப் பொட்டோ?”

“பேர்தான் கறுப்பு. ஆள் சாம்பல்தானே.”

புனிதவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு ஷ்லீரன் என்ற புறநகரில், மூன்றாம் மாடி. பதினொரு வருடம் அலுவலகங்களில் தரை துடைத்தாள். ஆட்கள் வீட்டுக்குப் போனபின் வரவும் அவர்கள் வருமுன் போகவும் அலுத்துவிட்டது. விலங்குப் பூங்காவில் துப்புரவுக்கு ஆள் தேவை என்றதும் எழுதிப்போட்டாள். ஆறு வருடமாக இந்தக் கொட்டில் அவளுடையது. தாய் தன் கூரான மேலுதட்டால் எந்தக் கிளையை முதலில் உருவும் என்று டொக்டரே அவளிடம்தான் கேட்பார்.

உலகத்தில் இந்த இனம் ஆறாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம் என்று சினைக் காலத்தில் டொக்டர் சொல்லியிருந்தார். குட்டி பிறந்து ஐந்து வாரம். நாளை முதன்முதலாகச் சனங்களுக்குக் காட்டப்போகிறார்கள். அத்தனை கண்களும் ஒரு குட்டிமேல். அதனால் மகள் சரணியாவின் கண்மைப் பென்சிலைக் கேட்காமல் எடுத்துவந்தாள். காலையில் குட்டி கம்பியோரம் மூக்கை நீட்டியதும் வேலை முடிந்தது.

“சொன்னா வேலை போகும், அக்கா. கம்பிக்குள்ள கை விடமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனீங்கள்.”

“சொல்லாட்டி ஊசி போடுவினம். அஞ்சு கிழமைக் குட்டி. எழும்பாட்டி?”

டொக்டர் ஊர்சுலா ஊசிப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். புனிதவதி குறுக்கே நின்று, தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏன் அப்படிச் செய்தாய்?”

“எல்லாரும் வடிவு, வடிவு என்பார்கள். அது குட்டிக்குக் கூடாது.”

டொக்டர் யோசித்தார். “தண்ணீரில் அழியுமா?”

“அழியாது. இருபத்துநான்கு மணித்தியாலம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.”

நீளத் தடியின் நுனியில் பஞ்சு கட்டி, எண்ணெயில் தோய்த்துக் கம்பிக்குள் நீட்டினார்கள். குட்டி புனிதவதியின் குரலுக்குத்தான் கிட்ட வந்தது. மூன்று துடைப்பு. பஞ்சு கறுத்தது, கன்னம் சாம்பலானது. டொக்டர் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்த சிரிப்பில் குட்டி தாயின் பின்னால் ஓடி ஒளிந்தது.

பகுதிப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை, இன்னொரு தரம் கை உள்ளே போனால் வேலை இல்லை.

“இப்ப நாவூறு, கண்ணூறு பட்டா என்ன செய்வியள்?” என்றான் ஜோர்ஜ்.

“தூர நிண்டு தூ தூ எண்டு துப்புவன். துப்பக்கூடாது எண்டு கடிதத்தில எழுதேல்லைத்தானே.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. தூறல். புனிதவதி ஏழு மணிக்கு வந்து கொட்டிலைக் கழுவினாள். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். குட்டி தாயின் பின்னால் வெளியே வந்தது. நானூறு பேரளவில் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு உள்ளே போய்ப் பால் குடித்தது. நாலேகாலுக்கு அவள் பஸ் எடுத்தாள்.