வெள்ளிமலையில் கிடைத்த அமைதி

ரேடியோ வானியல் என் தொழில். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆன்டெனா வைத்துப் பிடித்து ஆராய்வது. அவை மிகவும் மெலிதானவை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் நம் டிவியில் புள்ளிபுள்ளியாக வருமே, அந்தத் தொந்தரவு போதும், ஒரு நாள் வேலை பாழாகிவிடும். அதனால் மோட்டார்கள் கிளப்பும் இந்த ரேடியோ இரைச்சல் எட்டாத இடமாகத் தேடி அலைவோம்.

புதிய தொலைநோக்கிக்கு இடம் தேடும் குழுவில் என்னையும் போட்டார்கள். கடைசியில் மிஞ்சியவை இரண்டு இடங்கள். ஒன்று வடக்கே, ரயிலில் போகவே இரண்டு நாளாகும். மற்றது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மேட்டு நிலம்.

நான் கள்ளக்குறிச்சிக்காரி. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். மலையில் தொலைநோக்கி வந்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வரலாம். இதை அவளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறு வாரமே மாடியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றால், "அதெல்லாம் ஆயிடும், நீ பொட்டியக் கட்டு" என்பாள். பொறுமை என்பது எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

ஜீப் கூரையில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு டிரைவரும் நானும் மலையேறினோம். ஒரு வாரம் அளந்தோம். இரைச்சல் இருந்தால் கருவியின் பேனா துள்ளும். இல்லையென்றால் காகிதத்தில் நேர்கோடு இழுத்துக்கொண்டே போகும். கோடு நடுங்கவே இல்லை. கீழே சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் சில வீடுகள் இருந்தன, கரண்ட் கம்பியும் போனது, ஆனாலும் பேனா அசையவில்லை. இத்தனை சுத்தமான வானத்தை நான் எங்குமே பார்த்ததில்லை. சந்தோஷத்தில் டிரைவரை உட்காரவைத்து அம்மாவின் சமையலைப் பற்றிப் பேசித் தீர்த்தேன். பாவம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மதியம் ஒரு பெண் மேடேறி வந்தாள். அந்த ஊரில் மாவு மெஷின் வைத்திருப்பவள். ஜீப்புக்குத் தள்ளியே நின்றாள்.

"ஏங்க மேடம், எப்பங்க போவீங்க?"

"ஏம்மா, எங்களால எதனா தொந்தரவா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒரு வாரமா கேவுரக் கையாலயே அரைச்சிக்கினு கீறோம். கை வீங்கிப்போச்சி. புள்ளைங்க இருட்டுல சோறு துன்னுதுங்க."

கரண்ட் இல்லையா என்று கேட்டேன். அவள் ஆன்டெனாவைப் பார்த்தாள். விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஒரே ஒரு பல்புக்கு என்று அரசு இலவசமாகக் கொடுத்த இணைப்பில் அங்கே டிவி, மிக்ஸி, மாவு மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் கரண்ட் ஆபீஸ் ஆட்கள், எந்த வீட்டில் ஜாஸ்தி ஓடுகிறது என்று ஜீப் மேலிருக்கும் இந்தக் கம்பி மோப்பம் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, ஜீப்பைப் பார்த்த அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பயத்தில் அந்த ஒற்றை பல்பைக்கூடப் போடவில்லை.

வாயைத் திறக்காமல் இறங்கிப் போயிருந்தால் இடம் எங்களுக்குத்தான். அம்மாவின் முகம் வந்து போனது. ஆனால் தொலைநோக்கி வந்துவிட்டால், இவர்களை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லவும் நான்தான் வந்து நிற்க வேண்டும்.

"நாங்க கரண்ட் ஆபீஸ் இல்லம்மா. வானத்தை ஆராய வந்தவங்க. போய் மெஷினப் போடுங்க" என்றேன்.

"மெய்யாலுமாங்க?"

டிரைவர் சத்தியம் செய்த பிறகுதான் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பேனா ஒரு துள்ளு துள்ளியது. பிறகு நிற்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் காகிதம் முழுக்கக் கிறுக்கல். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தக் காகிதத்தையும் சேர்த்துத்தான் குழுவுக்கு அனுப்பினேன். வடக்கே என்று முடிவானது.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீ கம்முனு வந்திருந்தா இங்கியே வந்திருக்கும், இல்ல?"

"வந்திருக்கும்மா. அவங்கதான் இருட்டுல கெடந்திருப்பாங்க."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அங்க வடக்க குளிரு ஜாஸ்தியா?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கும் சேத்து ஒரு கம்பளி வாங்கு."