தராசு வாங்கிய கூடாரம்

பார்சல் அலுவலகத்தில் எடை போடும் அவரை ஊரே 'தராசு' என்றுதான் அழைக்கும். பிறந்த அன்றே மருத்துவச்சியிடம், "ஈரத் துணியோட என்னை எடை போடாதே" என்று எரிந்து விழுந்தவராம். பத்து கிராம் கூடினாலும் பார்சலை முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார்.

மனைவி தையற்காரி. கழுத்தில் அளவுநாடா, நாக்கில் ஊசி. இவர்கள் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்.

ஐந்து நாள் மலைநடைக்கு அவர் கூப்பிட்டதும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "புரண்டு படுக்க இடமிருக்கிற கூடாரம்னா வர்றேன்." இருபத்திரண்டு வருடத்தில் அவள் "வர்றேன்" என்றது அதுவே முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது மட்டுமே அவர் வேலை.

கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு, தன் தூக்குத்தராசோடு போனார்.

"இது ஆயிரத்து அறுநூறு கிராம். அது தொள்ளாயிரத்து அம்பது. அதையே கட்டுங்க."

"சார், அது ஒத்தைத் துணி, மழைக்கு ஒழுகும். ரெண்டு பேருக்கு நெருக்கமும் கூட" என்றார் கடைக்காரர்.

"சுமக்கப்போறது நீங்களா?"

மனைவி கழுத்திலிருந்த அளவுநாடாவை உருவினாள். அந்தக் கூடாரத்தின் அகலத்தை அளந்தாள். தையல் சுண்ணக்கட்டியால் கடைத் தரையில் கோடு போட்டாள்.

"படுங்க."

"கடையிலயா?"

"மலையில படுக்கத் தெரிஞ்சவருக்கு இங்க என்ன வெக்கம்?"

படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். அவருடைய ஒரு தோள் கோட்டைத் தாண்டி வெளியே கிடந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"மூச்சை அடக்கிக்கிட்டா பத்தும்" என்றார் தராசு, படுத்தபடியே.

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "தம்பி, எனக்கு ஒத்தை ஆள் கூடாரம் ஒண்ணு. ரெட்டைத் துணியில."

அது ஆயிரத்து நூறு கிராம். தொள்ளாயிரத்து ஐம்பதும் ஆயிரத்து நூறும் சேர்ந்தால் இரண்டாயிரத்து ஐம்பது. மலையேறும் வழியெல்லாம் அவர் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார். அவள் காது கேட்காதவள்போல் நடந்தாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஒத்தைத் துணி சல்லடையாக ஒழுகியது. தலையில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு தராசு அவளுடைய கூடாரத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கோயேன்."

ஜிப் ஒரு சாண் திறந்தது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஈரத்தோட இப்ப எத்தனை கிராம் இருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஜிப் மூடிக்கொண்டது.