அழுகண்ணிக்கு ஒரு தட்டுத் தண்ணீர்

மகள் டெங்குவிலிருந்து பிழைத்து வந்த பிறகு, எங்கள் வீட்டில் தண்ணீர் எங்குமே தேங்க விடுவதில்லை. பூந்தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டு, மாடியில் கிடந்த டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கிண்ணம் என எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே இருப்பேன்.

"உங்கம்மா தேங்கா ஓட்டப் பாத்தாலே ஒதைக்கறா," என்று கரும்புக் கொல்லையிலிருந்து வந்த என் கணவர் மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவள் கண்ணைத் திறக்காமல் கிடந்தது இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

கோவையில், திசு வளர்ப்பில் வாழைக்கன்று உண்டாக்கும் ஒரு இடத்தில் அவளுக்கு வேலை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னால் கை சும்மா இருக்கவில்லை. காய்ச்சலுக்கு முன்பு கல்வராயன் மலைக்குப் போயிருந்தபோது, ஈரப் புல்வெளியில் பார்த்த அழுகண்ணியின் விதைகளைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத, பூச்சி தின்னும் செடி அது. இலை முழுக்கச் சிவப்பு முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசைத்துளி. "செடியப் புடுங்கியாந்தா அங்க இல்லாம பூடும்மா. வெதை போதும்," என்றாள்.

என் சமையலறை அவள் கைக்குப் போனது. கடல்பாசியைக் காய்ச்சி, சர்க்கரையும் துளி உப்புச் சத்துகளும் சேர்த்து, ஜாம் பாட்டில்களில் ஊற்றி, கிருமி சாகக் குக்கரில் அவித்தாள். பழைய மீன்தொட்டியைப் படுக்கவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பாட்டில்களை அதற்குள் வைத்து, கையை விட்டு அவற்றில் விதைகளைத் தூவினாள். அப்போது ஃபேன் ஓடக் கூடாது, நான் தும்மக் கூடாது, கிருமி புகுந்துவிடுமாம். முளைத்தவற்றின் இலைகளைப் பிறகு துண்டாக்கி வேறு பாட்டில்களில் வைத்தாள். துண்டுகளின் மேல் புள்ளி புள்ளியாகப் புதுச் செடிகள் எழும்பின.

"இதுங்கள மண்ணுக்கு மாத்திட்டு நான் வேலைக்குக் கெளம்பறேம்மா," என்றாள் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து அந்தச் செடிகள் மெதுவாக வளரட்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு பாட்டிலில் பூஞ்சை பிடித்தபோது வருத்தத்தைவிட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது. மற்றவை நன்றாகவே வளர்ந்தன.

அவற்றைச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, கொஞ்சம் கொஞ்சமாக உறையைத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கினாள். எல்லாம் முடிந்து தொட்டிகளை ஒரு தட்டில் அடுக்கி, தட்டு நிறைய மழைத்தண்ணீர் ஊற்றினாள். என் கை தானாக அந்தத் தட்டுக்குப் போய்விட்டது.

"அம்மா, ஊத்திடாத! இதுக்குக் காலு ஈரத்துலயே இருக்கணும்."

"கொசு முட்ட வெக்கும்டி."

"இன்னாம்மா நீ, ஒரு தட்டுத் தண்ணிக்கு!"

"ஒரு மூடித் தண்ணி போதும்டி கொசுவுக்கு." தட்டிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்றுமணலை அள்ளி வந்து, கழுவிக் கழுவித் தட்டில் நிரப்பினாள். தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. மேலே ஈரம் மட்டும்தான்.

"இப்ப எங்க வெக்கும் முட்ட? பாத்துக்கோ. போர் தண்ணி மட்டும் ஊத்தாத, உப்பு, செடி செத்துடும்."

அவள் கிளம்பிய அன்று பையில் கொசுவலையும் களிம்பும் வைத்தேன். "இன்னும் ரெண்டு வலை வெச்சி அனுப்பு, ஆஸ்டலுக்கே கட்டட்டும்," என்றார் கணவர். அவள் ஒன்றையும் எடுத்து வெளியே வைக்கவில்லை. அவள் ஏறிய சேலம் பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு மாலை. அழுகண்ணியின் ஓர் இலையில் கொசு ஒட்டிக்கொண்டு கால்களை உதறிக்கொண்டிருந்தது. பக்கத்து முடிகள் அதை நோக்கி வளைந்திருந்தன. உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" அவள் குரலில் பதற்றம்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. இங்க ஒரு கொசு மாட்டிக்கினு இருக்குது."

"அடிச்சிடாதம்மா! அதுக்கு அதான் சோறு."

"நீ வலைக்குள்ளதான படுக்கற?"

"படுக்கறேம்மா. மணலு ஈரமா இருக்குதா?"

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. துணி கட்டி மூடி வைத்திருந்த மழைத்தண்ணீரை மொண்டு வந்து, தட்டின் ஓரமாக ஊற்றினேன். அவள் போனை வைக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.