அருந்தவன் தட்டிப் பார்த்த ஆணி

அருந்தவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் கையில் இருப்பது தற்காலிக விசாதான். அடுத்த முறை புதுப்பிப்பார்களா என்ற நினைப்பே அவனை ஓயவிடாமல் விரட்டியது. இடுப்பில் பாதுகாப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு சிட்னித் துறைமுகப் பாலத்தின் வளைவில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை அவனுக்குத் தோதாக வாய்த்தது.

அந்தப் பாலமும் சும்மா நிற்பதில்லை. கடும் வெயிலில் எஃகு விரிந்து வளைவின் உச்சி ஏறக்குறைய ஒரு சாண் உயரும், குளிர்ந்தால் இறங்கும். ரயில் போனால் உள்ளங்கால் அதிரும். இரு கரையிலிருந்தும் வடங்களால் இழுத்துப் பிடித்து வளர்த்த இரண்டு அரைவளைவுகள் 1930இல் நடுவானில் வந்து சேர்ந்தன. மொத்தத்தையும் பிணைத்திருப்பவை அறுபது லட்சம் ரிவெட் ஆணிகள்.

சென்ற ஜனவரியில் ஒருநாள், அவன் சுரண்டிய இடத்தில் ஓர் ஆணியின் தலை அசைந்தது. சுத்தியலால் தட்டினான். மற்றவை கணீரென்றன; இது பொத்தென்றது. அருகில் இன்னும் இரண்டு அப்படியே. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது, பெயின்டை அடி என்றான்.

அருந்தவன் அடித்தான். அன்று மாலை அறையில் நடந்ததைச் சொல்லி, மேலே யாரிடமாவது தெரிவிக்க வேண்டும் என்றான்.

“உனக்கேன் உந்த வேலை? அந்தச் சூப்பர்வைசர் ஒரு சொல்லுச் சொன்னா உன்ர விசா என்னாகும்?” என்றான் அறைத்தோழன் ஸ்ரீகாந்தன்.

“ஓம், தெரியும்,” என்றவன் எழுந்து தெருவில் நடக்கத் தொடங்கினான்.

மறுநாள் காலை, பாலத்தைப் பரிசோதிக்கும் எஞ்சினியர் ஹரிப்பிரியாவை வாசலிலேயே மறித்தான். அவள் சேலத்துக்காரி.

“மிஸ், மூண்டு ஆணி பழுது. தெரிஞ்சும் நான்தான் மேல பெயின்ற் அடிச்சனான்.”

“எங்கண்ணா? வந்து காட்டுங்க.”

ஏறினாள். தட்டினாள். சுற்றியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பிறகு சொன்னாள்: “ஆமாண்ணா. மூணு இல்ல, அஞ்சு. இதுக்கெல்லாம் பாலம் விழாது. ஆனா தண்ணி உள்ள இறங்கி துரு அரிச்சுட்டே இருக்கும்.”

ஐந்தையும் கழற்றி போல்ட் பூட்டினார்கள். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு அருந்தவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு வாரம், போன் ஒலிக்கும்போதெல்லாம் விசா அலுவலகமோ என்று எண்ணைப் பார்த்துப் பார்த்து எடுத்தான்.

மூன்றாம் வாரம் ஹரிப்பிரியா அழைத்தாள். “ஆணி தட்டிப் பாக்குற எங்க டீமுக்கு ஆள் வேணும்ணா. வர்றீங்களா?”

“பங்குனியோட விசா முடியுது, மிஸ்.”

“அதுவரைக்கும் வாங்க.”

“வாறன்.”

பங்குனி இன்னும் பிறக்கவில்லை; இப்போது நாளுக்கு நானூறு ஆணி தட்டுகிறான். ஐயம் வந்தால் சாக்கட்டியால் வட்டம் போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதிவிடுகிறான். யார் சொன்னாலும் அதன் மேல் பெயின்ட் அடிக்க விடுவதில்லை.