ஊமைத் தமால்

சான் இசித்ரோ சந்தையில் ஓர்தென்சியாவின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர் கிடையாது. வருகிறவர் யாரானாலும் "என் தங்கமே, என்ன வேணும்?" என்றுதான் கேட்பாள். நேற்றுச் சண்டை போட்டவனுக்கும் அதே தங்கம்தான். அறுபது தாண்டிய அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை, அமெரிக்காவில் இருக்கும் தங்கை நோயெமி ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது.

"ரெண்டே வருஷம், கொஞ்சம் காசு சேத்துட்டு வந்துடறேன்க்கா" என்று சொல்லி நியூ ஜெர்சிக்குப் போனவள் நோயெமி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படிச் சொல்லிப் போனவர்கள்தான். ரெண்டு வருஷம் முப்பதாயிற்று. புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் போனபிறகு, போன டிசம்பரில் வந்திறங்கினாள். "ஒரு மாசம் இருந்து பாக்கறேன். ஒத்து வந்தா இங்கயே இருந்துடறேன்."

நாக்கைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அக்காக்காரி கணக்குப் போட்டாள். காலையில் கருப்பு பீன்ஸும் சோறும் சேர்த்து வதக்கிய காயோ பிந்தோ. நடுவில் உப்புநீரில் வெந்த பெஹிபாயே என்ற பனைப்பழம். சாயங்காலம் இளஞ்சோளத்தை அரைத்து வார்த்த அடை, மேலே புளித்த பாலேடு. சந்தையில் ஒரு கடை விடாமல் தங்கையை இழுத்துக்கொண்டு அலைந்தாள். நோயெமி எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்ப இருந்த மாதிரி இல்லக்கா" என்பாள்.

"உங்க நாக்குக்கும் அமெரிக்க பாஸ்போர்ட் குடுத்துட்டாங்களா?" என்றாள் பழக்கடை செலீனா. ஓர்தென்சியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக கிறிஸ்துமஸ் தமாலை நம்பினாள். சோள மாவை வாட்டிய வாழையிலையில் பொதிந்து, முகத்தோடு முகம் வைத்து இரண்டிரண்டாகக் கட்டி வேகவைப்பது. ஒரு நாள் முழுக்க அடுப்படியில் வெந்தாள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பன்றிக்கறி.

நோயெமி ஒன்றைப் பிரித்தாள், கறி. மற்றதைப் பிரித்தாள், அதிலும் கறி. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊமை எங்கக்கா?"

அவர்கள் அம்மா காலத்தில் எல்லாத் தமாலிலும் கறி வைக்க வழியில்லை. கறியில்லாத ஊமைத் தமாலை மற்ற வீடுகளில் தனியாகக் கட்டுவார்கள். அம்மா மட்டும் கறியுள்ளதையும் ஊமையையும் ஒரே கயிற்றில் கட்டுவாள். எது எதுவென்று பிரிக்கும்வரை தெரியாது. அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்துப் பங்கு போட வேண்டும். ஒருத்தி இல்லாமல் மற்றவள் கட்டைத் தொட்டால் முதுகு பழுத்துவிடும்.

"இப்ப நமக்கென்னடி குறைச்சல், ஊமை கட்டறதுக்கு?"

"நான் அங்க வருஷா வருஷம் கட்டினேன்க்கா. இலை கிடைக்கலைன்னா அலுமினியத் தாள்ல. 'ஏம்மா, கறி வாங்கக் காசில்லையா'ன்னு பிள்ளைங்க சிரிக்கும். ஆனா பங்கு போட்டுத்தான் திங்கும்."

ஓர்தென்சியாவுக்குச் சுருக்கென்றது. ஊரை விட்டுப் போனவள் நினைவு வைத்திருக்க, ஊரிலேயே கிடந்த தான் மறந்து தொலைத்தோமே என்று அழுகை வந்தது. மிச்ச மாவில் ஒரு கட்டு கட்டினாள், ஒன்று கறி, ஒன்று ஊமை. இரண்டு பேர் வயிற்றிலும் அன்று இடமில்லை. வேகவைத்து ஃப்ரீசரில் வைத்தாள்.

மாதம் முடிந்ததும் நோயெமி கிளம்பினாள். "வீட்டை வித்துட்டு மழைக்கு முன்னாடி வந்துடறேன்."

"ரெண்டு வருஷம்னு சொன்ன வாய்தானே இது?"

"அந்தக் கட்டை அவுத்துடாதக்கா."

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. கறி எடுக்க ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் கட்டு கண்ணில் பட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். செலீனாவும் கேலியை நிறுத்திவிட்டாள். அதுதான் இன்னும் வலித்தது.

ஒரு மத்தியானம், நனைந்த இரண்டு பெட்டிகளோடு நோயெமி கடை வாசலில் நின்றாள். "அவுத்துட்டியா?"

"அம்மா அடிப்பா" என்றாள் ஓர்தென்சியா.

சூடாக்கி, எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். அத்தனை மாதம் பனியில் கிடந்த மாவு வைக்கோலாகியிருந்தது. கறி அக்காவுக்கு வந்தது. பிய்த்துப் பெரிய துண்டைத் தங்கையின் தட்டில் வைத்தாள்.

நோயெமி மென்று விழுங்கினாள். "அப்ப இருந்த மாதிரியே இருக்குக்கா."