சிரிப்புப் படத்தில் வேன் ஓட்டின செங்கேணி

அந்தப் படத்தில் செங்கேணி பேரைப் போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தவன் பேர்கூட வருகிறது, வேன் ஓட்டினவன் பேர் இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் வரதனுக்கு அது ஆறவில்லை.

வரதன் உத்திரமேரூர் டூரிங் கொட்டாயில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். செங்கேணி அவன் பெண்டாட்டியின் தம்பி, வாடகை வேன் டிரைவர்.

எழுபத்தொன்பதில் மெட்ராஸிலிருந்து நாலு பையன்கள் படம் எடுக்க வந்தார்கள். கம்பெனி கிடையாது, கைக்காசு. மூணு சோம்பேறிகள் ஓட்டை வேனில் பாண்டிச்சேரி போகிறார்கள், வழியெல்லாம் கூத்து, அதுதான் கதையாம். செங்கேணியின் வேனைப் பார்த்ததும் பேசி முடித்துவிட்டார்கள். டிரைவர் வேஷமும் அவனுக்கே.

அந்த வேனுக்கு ஹேண்ட் பிரேக் நிற்காது. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் பீடி பற்றவைப்பான். இங்கே டிரைவர்கள் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். அடுத்தவன் வைத்த கல்லை எவனும் தொடமாட்டான்.

ஏரிக்கரைச் சரிவில் ஏரியைப் பார்த்தபடி வேன் நின்றது. செங்கேணி மதகிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும், உள்ளே இருக்கிற பையன்கள் நக்கல் அடிக்க வேண்டும். கேமராவில் பார்த்தவனுக்குக் கல் அசிங்கமாகத் தெரிந்தது. ஒருத்தன் போய் எடுத்துப் போட்டுவிட்டான். செங்கேணியிடம் யாரும் சொல்லவில்லை.

வாளியைச் சாய்க்கும்போது வேன் அசைந்தது. அவன் விலகி ஓடியிருக்கலாம். உள்ளே மூணு பேர், கீழே ஏரி. இரண்டு கையாலும் வேனைத் தாங்கிக்கொண்டே பின்னால் பின்னால் ஓடினான். கால் தடுக்கியது. வேன் அவன் இடுப்பில் ஏறி நின்றது.

பையன்கள் அழுதார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரவில்லை. செங்கேணிக்கு இடுப்புக்குக் கீழே செத்துப்போச்சு. பெண்டாட்டி சுலோச்சனா அப்போது மாசமாக இருந்தாள். பிறந்த அம்முலு அப்பனைப் பாயில்தான் பார்த்தாள்.

டப்பாவில் கிடந்த படம் ஆறு வருஷம் கழித்து வரதன் கொட்டாய்க்கே வந்தது. செங்கேணி வேனோடு மல்லுக்கட்டி ஓடுவதை அப்படியே வெச்சிருந்தானுங்க. விழுகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போவதாக ஒட்டியிருந்தானுங்க. மணலில் உட்கார்ந்திருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனைத் தெரிந்தவனும் சிரித்தான்.

மறுநாள் காலையில் வரதன் மச்சான் வூட்டுக்குப் போனான். படுக்கைப் புண் அழுகி வாசல்வரைக்கும் நாற்றம். இந்த வாரம் தாண்டாது என்று பார்த்ததுமே தெரிந்தது. தாண்டவும் இல்லை.

"நீ வேனோட ஓடற எடத்த இன்னிக்கு வெட்டி அடுப்புல போட்டுடறேன்டா."

"சிரிச்சாங்களா மாமா?"

புண்ணில் மொய்த்த ஈயை வரதன் துண்டால் ஓட்டினான்.

"சிரிப்புப் படத்துக்கு வந்துட்டு பின்ன இன்னா, ஒப்பாரியா வெப்பாங்க? வுடு. அதுக்கு முன்னாடி, வாளிய தூக்கிக்கினு நான் நடந்து வர்றது கீதா?"

"கீது. மதகுலேர்ந்து வண்டி வரைக்கும் வர்ற."



"வெட்டாத. சாயங்கால ஆட்டத்துக்கு அம்முலுவ இட்டுக்கினு போ. மிசின் ரூம்ல உன் பக்கத்துலயே நிக்க வெச்சுக்கோ. நான் நடக்கறத அவ பாக்கட்டும். வாளிய சாய்க்கறப்போ மிசின் லைட்டுக்கு முன்னாடி கைய வெச்சு மறைச்சிடு மாமா."