இரண்டு கோ எட்வின்கள்

பர்மாவின் பசுந்தாங்கில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் தடுக்கி விழுந்தால் ஓர் எட்வின் மேல்தான் விழ வேண்டும். அது ஏதோ ஒரு காலத்து இங்கிலாந்து ராஜாவின் பெயராம். துறைமுகத்தில் எங்கள் பாட்டன்மாருக்கு வேலை போட்டுக் கொடுத்த துரைக்கும் அதே பெயர். நன்றிக்காகப் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தவர்களுக்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை. பர்மாக்காரர்கள் மூத்தவரை ஊ எட்வின் என்றும் இளையவரைக் கோ எட்வின் என்றும் பிரித்துச் சமாளித்தார்கள். எங்கள் கட்டடத்தில் அதுவும் செல்லவில்லை. ஐந்தாம் மாடியில் என் சித்தப்பா, மூன்றாம் மாடியில் இன்னொருவர், இருவருமே கோ எட்வின்.

சித்தப்பாவுக்கு முப்பத்தைந்து தாண்டியும் பெண் அமையவில்லை. கடைசியில் க்யிம்யிண்டைங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை; அவர் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, கூட்டிவர வேண்டிய தரகருக்குக் காய்ச்சல். பெண்ணும் வந்திருந்தாள். அப்படி வருவது வழக்கமில்லை, அடம்பிடித்தாளாம்.

எங்கள் மாடி வீடுகளுக்கு வருகிறவர்கள் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலிருந்து கயிற்றில் சாவி இறங்கும். அதைக்கொண்டு படிக்கட்டுக் கதவைத் திறந்து ஏறி வர வேண்டும். அன்று சாவி இறக்கும் பொறுப்பு எனக்கு. “கோ எட்வின்!” என்று குரல் வந்ததும் இறக்கினேன். மூன்றாம் மாடியிலிருந்தும் ஒரு சாவி இறங்கியது. பெண் அண்ணாந்து எங்கள் இரண்டு பால்கனியையும் பார்த்தாள். ஒரு சாவியை அவிழ்த்தாள்.

“வாங்கப்பா, சாவி வந்துருச்சு.”

அவர்கள் ஐந்தாம் மாடிக்கு வரவேயில்லை. மூன்றாம் மாடியில் தேநீரும் லப்பெ என்கிற ஊறவைத்த தேயிலையும் கொடுத்து உபசரித்தார்கள். வீடு தேடி வந்த சம்பந்தத்தை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்? சித்தப்பா இஸ்திரி போட்ட லுங்கியோடு தேடிக்கொண்டு இறங்கிப் போனபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. விஷயம் தெரிந்து பெண்ணின் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஜெபம் பண்ணி ஆமென் சொல்லியாச்சு தம்பி. இனிமே மாத்துறதுக்கில்ல.”

சாவியைச் சீக்கிரம் இறக்கவில்லை என்று சித்தப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். அதன்பிறகு அவர் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கல்யாணமாகி மூன்றாம் மாடிக்கு வந்த அந்த அக்கா, படியில் என்னைக் கண்டால் விடமாட்டாள். உள்ளே இழுத்துப்போய் ரவை கேக்கில் பெரிய துண்டாக எனக்கு வெட்டுவாள், முதுகைத் தடவிவிடுவாள். அடி வாங்கிய பிள்ளை என்று பாவப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே க்யிம்யிண்டைங் கோயிலில் பாட்டுக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தவர் என்று நான் கேள்விப்பட்டபோது எனக்கே கல்யாண வயதாகியிருந்தது. அந்த இரண்டு அடியும் யாருக்குச் சேர வேண்டியவை என்பது, கேக் வெட்டிய அவளுக்குத் தெரியும். வாயில் அடைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை.